பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா
(வால்ட் டிஸ்னியின் வாழ்க்கையும், தாளில் போட்ட ஒரு நாள் திட்டமும்)



இந்த மாதச் சுவர் இதழுக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி தமிழ் ஐயா சொன்னார். நான் கை தூக்குவதற்குள் காந்தி, காமராசர், அப்துல் கலாம் மூவரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரை எழுதலாம்னு யோசித்துக்கொண்டே நூலகத்துக்குப் போனேன். அங்கே மிக்கி மவுஸ் படம் போட்ட ஒரு புத்தகம் கிடைத்தது. சும்மா படம் பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன். படித்து முடித்தபோது போன வருஷம் நம் வகுப்பு போன எக்ஸ்கர்ஷன்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். வகுப்புத் தலைவன் நான். எங்கே முதலில் போகணும், எங்கே சாப்பிடணும், எத்தனை மணிக்கு எங்கே கூடணும் என்று ஒரு திட்டமும் போடவில்லை. உள்ளே போனதும் எல்லோரும் கண்ணில் பட்ட பெரிய ராட்டினத்தைப் பார்த்து ஓடினோம். ஒரு மணி நேரம் வெயிலில் க்யூ. அங்கிருந்து இன்னொரு மூலைக்கு ஓட்டம். சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் க்யூ. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் மொத்தமே நாலு ராட்டினம்தான் ஏறியிருந்தோம்.

அன்றைக்கு என் பக்கத்து இடத்து நண்பன் காலில் கட்டுப் போட்டிருந்தான். ஓட முடியாது. எங்கள் பைகளை எல்லாம் அவனிடம் கொடுத்துவிட்டு, இதோ வந்துடறோம்னு சொல்லிவிட்டுப் போனோம். நாங்கள் திரும்பி வந்தபோது மணி நாலரை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில், சுற்றிலும் பைகளோடு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, எது ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது டிஸ்னி கதைக்கு வருவோம். அவர் கதையிலும் ஒரு பெஞ்ச் இருக்கிறது நண்பர்களே!

விளையாட நேரமில்லாத பையன்

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பிறந்தார். அப்பா பெயர் எலியாஸ். 1893-இல் சிகாகோவில் பிரம்மாண்டமான உலகப் பொருட்காட்சி ஒன்று நடந்தபோது, அதற்கான கட்டடங்களில் தச்சு வேலை செய்தவர் அவர். அப்பா ஆணி அடித்தது பொருட்காட்சிக்கு, பிள்ளை பின்னாளில் கட்டியது ஒரு கனவு ஊர். என்ன பொருத்தம் பாருங்கள்!

வால்ட்டுக்கு 4 வயது இருக்கும்போது குடும்பம் மிசௌரி மாநிலத்தில் மார்செலின் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனது. அங்கே ஒரு பண்ணை வீடு. ஊர் வழியாக ரயில் போகும். அவருடைய உறவினர் ஒருவர் அந்த ரயில் எஞ்சின் ஓட்டுநர். அதனால் ரயில் என்றாலே அவருக்கு உயிர். பண்ணையில் அப்பாவுக்கு உடம்பும் சரியில்லை, வருமானமும் சரியில்லை. அதை விற்றுவிட்டு 1911-இல் கான்சாஸ் சிட்டி நகரத்துக்குப் போனார்கள்.

அங்கே அப்பா செய்தித்தாள் ஏஜென்சி எடுத்தார். வீடு வீடாகப் பேப்பர் போடும் வேலை வால்ட்டுக்கும் அவர் அண்ணன் ராய்க்கும் வந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, மழையோ பனியோ, பேப்பர் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம். சாயங்காலம் வந்தால் மறுபடியும் பேப்பர். இப்படி ஆறு வருஷம்! அதற்கு அப்பா சம்பளமும் தரவில்லை. வகுப்பில் வால்ட் தூங்கி விழுவாராம். (நம்மில் சிலர் பேப்பர் போடாமலே தூங்குகிறோம், அது வேறு விஷயம்.)

சில வீட்டுத் திண்ணைகளில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இரவு விட்டுப் போன பொம்மைகள் கிடக்கும். இருட்டில் கொஞ்ச நேரம் அந்தப் பொம்மைகளோடு விளையாடிவிட்டு, இருந்தது இருந்தபடி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாராம். பெரியவரான பிறகும்கூட, யார் வீட்டுக்கோ பேப்பர் போட மறந்துவிட்டதாகக் கெட்ட கனவு வந்து பதறி எழுந்திருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. உலகத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் விளையாட இடம் கட்டிக் கொடுத்தவருக்கு, சின்ன வயசில் விளையாட நேரம் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் எலக்ட்ரிக் பார்க் என்று ஒரு பொழுதுபோக்கு இடம் இருந்தது. ராத்திரியில் விளக்குகளால் ஜொலிக்கும். அது சிறுவன் வால்ட் மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

விழுந்தார், எழுந்தார்

அவருக்குப் படம் வரைவதில் ஆசை. முதல் உலகப்போர் முடிந்த கையோடு செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டப் பிரான்சு நாட்டுக்குப் போனார். திரும்பி வந்து கான்சாஸ் சிட்டியில் கார்ட்டூன் படக் கம்பெனி ஆரம்பித்தார். 1923-இல் அது திவால் ஆனது. கையில் ஏறக்குறைய 40 டாலரோடு ரயில் ஏறி ஹாலிவுட் போனார். அதே வருஷம் அண்ணன் ராயோடு சேர்ந்து புதுக் கம்பெனி தொடங்கினார்.

ஆஸ்வால்ட் என்ற முயல் கார்ட்டூன் நன்றாக ஓடியது. ஆனால் 1928-இல் பார்த்தால், அந்த முயலின் உரிமை ஒப்பந்தப்படி படத்தை வாங்கி வெளியிட்டவர்களிடம் இருந்தது! முயலும் போச்சு, கூட வேலை பார்த்தவர்களில் பாதிக்கு மேல் போச்சு. அந்த இடியிலிருந்து பிறந்ததுதான் மிக்கி மவுஸ். 1928 நவம்பர் 18-இல் ஸ்டீம்போட் வில்லி படம் வெளியாகி, எலி உலகத்தை ஜெயித்தது. 1937 டிசம்பரில் ஸ்னோ ஒயிட் முழுநீளக் கார்ட்டூன் படம் வந்தது. இதெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். அதனால் சீக்கிரமாகக் கடந்து போகிறேன்.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். 1941-இல் அவரிடம் வேலை செய்த ஓவியர்கள் சங்கம், சம்பளம் என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை அவர் மனசில் வைத்துக்கொண்டு கசப்பாகவே இருந்தார். பெரிய மனிதர்களிடமும் சின்ன மனசு சில சமயம் எட்டிப் பார்க்கும் போலிருக்கிறது.

அந்த பெஞ்ச்

டிஸ்னிக்கு டயான், ஷேரன் என்று இரண்டு மகள்கள். வார விடுமுறையில் அவர்களை வெளியே கூட்டிப்போவது அப்பாவின் வேலை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கிரிஃபித் பார்க் என்ற பெரிய பூங்காவில் குதிரை ராட்டினம் ஒன்று உண்டு. மகள்கள் குதிரையில் ஏறிச் சுற்றுவார்கள். அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். பிள்ளைகளுக்கு இங்கே சந்தோஷம் இருக்கிறது, கூட வந்த பெரியவர்களுக்கு ஒண்ணுமே இல்லையே, வேடிக்கை பார்ப்பது மட்டும்தானா என்று அந்த பெஞ்சில்தான் அவர் யோசித்தார். குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து சந்தோஷப்பட ஒரு இடம் இருந்தால் எப்படி இருக்கும்?

உலகம் கொண்டாடும் டிஸ்னிலேண்டுக்கு விதை, பெஞ்சில் தனியாக விடப்பட்ட ஒருத்தரின் யோசனை! இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். என் கண்ணுக்கு முன்னால் வேறு ஒரு பெஞ்ச் தெரிந்தது.

அந்த குதிரை ராட்டினத்துப் பெஞ்ச் ஒன்றை டிஸ்னிலேண்டில் இன்றும் பத்திரமாகக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒரு சனி ஞாயிறில் வரைந்த படம்

முதலில் பர்பேங்கில் இருந்த தன் ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே சின்னதாகக் கட்ட நினைத்தார். நகரசபை சம்மதிக்கவில்லை. அண்ணன் ராய் பணப் பொறுப்பு பார்ப்பவர். அவரும் தயங்கினார். வால்ட் விடவில்லை. தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார். பாலைவனப் பக்கம் இருந்த தன் ஓய்வு வீட்டையும் விற்றார். ஊர் ஊராகப் பொருட்காட்சிகளையும் பூங்காக்களையும் போய்ப் பார்த்தார். டென்மார்க் நாட்டின் டிவோலி பூங்கா சுத்தமாக இருந்தது அவருக்கு ரொம்பப் பிடித்தது.

எங்கே கட்டுவது? இங்கேதான் அவருடைய திட்டமிடும் மூளையைப் பார்க்கணும். 1953-இல் ஹாரிசன் பிரைஸ் என்ற ஆய்வாளரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். மக்கள்தொகை எந்தப் பக்கம் வளர்கிறது, புது நெடுஞ்சாலை எங்கே வருகிறது, மழை எங்கே குறைவு, வெயில் எங்கே குறைவு என்று அவர் கணக்குப் போட்டார். விடையாக வந்தது அனாஹைம் என்ற ஊர். அங்கே 160 ஏக்கர் அளவுக்கு ஆரஞ்சுத் தோப்புகளை வாங்கினார்கள்.

பணம் வேண்டுமே? ராய் நியூயார்க் போய் தொலைக்காட்சிக் கம்பெனிகளிடம் கேட்க வேண்டும். காட்டுவதற்குப் படம் இல்லை. 1953 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஹெர்ப் ரைமன் என்ற ஓவியரை வால்ட் கூப்பிட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்து வால்ட் சொல்லச் சொல்ல, ரைமன் வரைய வரைய, சனியும் ஞாயிறும் சேர்ந்து பூங்காவின் முழுப் படம் தயார். அந்தப் படத்தோடு போய்த்தான் ஏ.பி.சி. தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் ஆனது. திங்கட்கிழமை வேண்டிய திட்டத்தை ஞாயிற்றுக்கிழமை முடிப்பது நம் பழக்கம் மட்டும் இல்லை போல!

படத்தில் என்ன இருந்தது?

அதைப் புரிந்துகொண்டால் பாதி டிஸ்னியைப் புரிந்துகொண்ட மாதிரி. நான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரே நுழைவாயில். உள்ளே போனதும் பழைய காலத்து அமெரிக்கக் கடைத்தெரு. அது நேராக ஒரு வட்டத்தில் போய் முடியும். வட்டத்துக்கு எதிரே 77 அடி உயரக் கோட்டை. வட்டத்திலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி வழிகள் பிரியும். இடது பக்கம் சாகச நாடும் எல்லைப்புற நாடும். நேரே கோட்டைக்குப் பின்னால் கற்பனை நாடு. வலது பக்கம் எதிர்கால நாடு. எங்கே போனாலும் வட்டத்துக்குத் திரும்பி வந்தால் போதும், வழி தப்பாது. கால் வலியும் குறையும்.

தூரத்தில் எப்போதும் கண்ணை இழுக்க ஏதாவது ஒன்று உயரமாக இருக்கணும் என்பது அவர் கொள்கை. கோட்டையைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடப்போம். யாரும் தள்ளவேண்டாம், கூட்டம் தானாக நகரும். வெளியுலகம் கண்ணில் படாதபடி சுற்றிலும் மண்மேடு போட்டார். அதன் மேல் அவருக்குப் பிடித்த ரயிலை ஓடவிட்டார்.

இது சினிமாக்காரர் கட்டிய பூங்கா இல்லையா? அதனால் ராட்டினங்கள் பலவற்றில் ஒரு படம் ஒளிந்திருந்தது. பீட்டர் பேன் படத்தில் வருவது போலப் பறக்கும் கப்பல், டம்போ என்ற பறக்கும் யானை, ஸ்னோ ஒயிட் போன காடு. சினிமாவில் காட்சி நம் முன்னால் நகரும். இங்கே நாம் காட்சிக்குள் நகர்கிறோம்.

கறுப்பு ஞாயிறு

ஒரே வருஷத்தில் கட்டினார்கள். செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு வேறு. என்ன ஆச்சு தெரியுமா? எல்லாம் சொதப்பிவிட்டது!

அழைத்தவர்களைவிட மிக அதிகமாக, சுமார் 28,000 பேர் வந்துவிட்டார்கள். பலர் கையில் இருந்தது கள்ள டிக்கெட். ஒருவர் வேலியில் ஏணி சாத்திக் காசு வாங்கி ஆள் ஏற்றிவிட்டார் என்றுகூடச் சொல்வார்கள். நல்ல வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. குழாய் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால், குடிநீர்க் குழாயா கழிப்பறையா, எதை முதலில் முடிப்பது என்ற நிலை. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். அது சரியான முடிவுதான். ஆனால் தாகத்தில் தவித்தவர்கள், குளிர்பானம் விற்கத்தான் இப்படிச் செய்தார் என்று திட்டினார்கள். சாப்பாடு தீர்ந்துபோனது. ராட்டினங்கள் நின்றுபோயின. அவர் கம்பெனியில் அந்த நாளுக்குக் கறுப்பு ஞாயிறு என்றே பெயர் வந்துவிட்டது.

நானாக இருந்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். அவர் மறுநாளிலிருந்து பூங்காவிலேயே சுற்ற ஆரம்பித்தார். தீயணைப்பு நிலையக் கட்டடத்தின் மாடியில் அவருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. அங்கே தங்கி, கூட்டத்தோடு கூட்டமாக க்யூவில் நின்று பார்த்தார். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, இங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று பார்த்தார். ஒருமுறை காட்டுப் படகில் ஏறியவர் நேரத்தைக் கவனித்தார். 7 நிமிஷம் ஓட வேண்டிய படகை நாலரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். வந்தவர்களை ஏமாற்றிவிட்டோம் என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆட்கள் எல்லோருக்கும் மறுபடி பயிற்சி கொடுத்தபிறகுதான் சமாதானமானார்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. அந்த செப்டம்பர் முடிவதற்குள் 10 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

அதே வருஷம் அக்டோபரில் டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள். பிறகு டி, 1959-இல் ஈ. சின்ன ராட்டினத்துக்கு ஏ, பெரியதற்கு ஈ. எந்தச் சீட்டை எப்போது கிழிப்பது என்று குடும்பமே உட்கார்ந்து கணக்குப் போடும். ஏ சீட்டு மட்டும் மிச்சமாகி வீட்டு மேசை டிராயரில் கிடக்கும். 1982-இல் இந்த முறையை நிறுத்திவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரியுமா? 1959-இல் அமெரிக்கா வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் டிஸ்னிலேண்டு பார்க்க ஆசைப்பட்டும், பாதுகாப்புக் காரணம் சொல்லிப் போகவிடவில்லை. மனிதர் ரொம்பக் கோபப்பட்டார். ஆனால் 1961 நவம்பரில் நம் நேரு மாமா போனார்! வால்ட் டிஸ்னியே அவரை வரவேற்றுக் கூடவே சுற்றினார். குழந்தைகள் தினத்துக்கு உரியவர் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார்.

கடைசி வருஷங்கள்

1964-இல் நியூயார்க்கில் உலகப் பொருட்காட்சி தொடங்கியது. அப்பா தச்சராகப் போன மாதிரி ஒரு பொருட்காட்சிக்கு, பிள்ளை காட்சிகள் அமைக்கப் போனார். அங்கே குழந்தைப் பொம்மைகள் பாடும் சின்ன உலகம் என்ற காட்சியைப் படகில் போய்ப் பார்க்கும்படி வைத்தார். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருந்ததால் க்யூவும் வேகமாக நகர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு, நடந்து பார்ப்பதாகத் திட்டமிட்டிருந்த கடற்கொள்ளையர் காட்சியையும் படகுப் பயணமாக மாற்றினார்கள். அது 1967 மார்ச்சில் திறந்தது. டிஸ்னி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அவர் வாழ்நாள் முழுக்க சிகரெட் பிடித்தவர். நுரையீரல் புற்றுநோய் வந்து 1966 டிசம்பர் 15-ஆம் தேதி, 65 வயதில் இறந்துபோனார். ஃபுளோரிடாவில் அவர் தொடங்கிய பெரிய பூங்காவை, ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அண்ணன் ராய் முடித்து 1971 அக்டோபர் 1-இல் திறந்தார். தன் பெயரை வைக்காமல் தம்பியின் முழுப்பெயரை வைத்தார். அதே டிசம்பரில் அவரும் காலமானார். சின்ன வயசில் சேர்ந்து பேப்பர் போட்ட அண்ணன் தம்பி!

அந்தக் கொள்ளையர் படகிலிருந்து 2003-இல் ஒரு சினிமா வந்து சக்கைப்போடு போட்டது. சினிமாவிலிருந்து ராட்டினம் வந்தது போய், ராட்டினத்திலிருந்து சினிமா! டிஸ்னிலேண்டில் தீயணைப்பு நிலைய மாடி ஜன்னலில், அவர் நினைவாக இன்றும் ஒரு விளக்கு எரிகிறது.

தாளில் ஒரு நாள்

இனி என் வேலை. வரைபடத்தைப் பார்த்து, கிராஃப் தாளில் அனாஹைம் டிஸ்னிலேண்டுக்கு ஒரு நாள் திட்டம் போட்டேன். நாம் போகப்போவதில்லை, தெரியும். ஆனாலும் தாளில் போகக் காசு வேண்டாமே! இதுதான் திட்டம்:

1. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களைத் தவிர்க்க வேண்டும். கதவு திறப்பதற்கு அரைமணி முன்பே வாசலில் நிற்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஓடுவது மதியம் இரண்டு மணி நேரத்துக்குச் சமம்.

2. முதலில் கோட்டைக்குப் பின்னால் பீட்டர் பேன் கப்பல். ஒரு கப்பலில் சிலர்தான் ஏறமுடியும் என்பதால் க்யூ நாள் முழுக்க நீளும். இப்படி ஆள் குறைவாக ஏற்றும் ராட்டினத்துக்குக் காலையில் போகணும். ஆள் நிறைய ஏற்றும் படகுகளுக்கு மதியம் போகலாம்.

3. அடுத்து டம்போ. பிறகு பக்கத்திலேயே மேட்டர்ஹார்ன் பனிமலை வண்டி. அங்கே தனியாக ஏறச் சம்மதிப்பவர்களுக்குத் தனி வரிசை உண்டு. அதை முடித்து எதிர்கால நாட்டில் ஸ்பேஸ் மவுண்டன். இதற்கு 102 செ.மீ., மேட்டர்ஹார்னுக்கு 107 செ.மீ. உயரம் வேண்டும். வீட்டிலேயே தம்பி தங்கையை அளந்துவிட வேண்டும். க்யூவின் முனையில் போய் அழுவதைவிட அது நல்லது.

4. பதினொரு மணிக்கே சாப்பாடு. எல்லோருக்கும் பசிப்பதற்கு முன் நாம் சாப்பிட்டுவிட வேண்டும். எதிர்கால நாட்டில் ரயில் ஏறினால் நடக்காமலே மறுபக்கம் நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்தில் இறங்கலாம். அங்கே சாப்பாடு, கொள்ளையர் படகு, பேய் மாளிகை மூன்றும் பக்கம் பக்கம்.

5. மதிய வெயிலில் ஓடக்கூடாது. 1963-இல் திறந்த பாடும் பறவைகள் மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மார்க் ட்வெயின் நீராவிக் கப்பலில் காற்று வாங்கலாம்.

6. ஊர்வலம் நடக்கும்போது பாதிக் கூட்டம் தெருவில் நிற்கும். அப்போது மற்ற க்யூக்கள் குறையும். அதில் இந்தியானா ஜோன்ஸ் வண்டி. ராத்திரி கோட்டை முன்னால் வாணவேடிக்கை. அது முடிந்து எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும்போது, மிச்சமிருக்கும் ஒரு ராட்டினம்.

திட்டத்தைக் கணித ஆசிரியரிடம் காட்டினேன். நேரக்கணக்கு சரியாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு என் பக்கத்து இடத்து நண்பனிடம் காட்டினேன். அவன் மெதுவாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். காலில் கட்டுப் போட்டவன் இதில் எந்த நேரத்தில் எங்கே இருப்பான்?

திட்டத்தில் பதில் இல்லை. நிமிஷக் கணக்கு எல்லாம் போட்ட நான், மறுபடியும் அவனை வாசல் பெஞ்சிலேயே விட்டிருந்தேன்.

அன்று ராத்திரி திட்டத்தைத் திருத்தினேன். டிஸ்னிலேண்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருப்பதைப் படித்தேன். சின்னக் குழந்தையோடு ஒரு பெரியவர் வெளியே நிற்க, மற்றவர்கள் ஏறி வந்தபிறகு, நின்றவர் மறுபடி க்யூவில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். பெஞ்சில் இருப்பவருக்கும் ஒரு முறை! அதையே பிடித்துக்கொண்டேன். மேட்டர்ஹார்ன் நேரத்தில் கால் முடியாதவனோடு இன்னொருவன் சேர்ந்து ரயிலில் ஒரு முழுச் சுற்று வருவான். அடுத்த ராட்டினத்துக்கு வேறொருவன் மாறுவான். கப்பல், படகு, பறவைகள் மண்டபம் எல்லாம் எல்லோரும் சேர்ந்து. பைகளைக் காசு கொடுத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும். இதனால் இரண்டு ராட்டினம் குறைகிறது. குறையட்டும். டிஸ்னி அந்த பெஞ்சில் யோசித்ததும் எத்தனை ராட்டினம் என்ற கணக்கை இல்லையே.

இந்த வருஷ எக்ஸ்கர்ஷன் அடுத்த மாதம். எந்த இடம் என்று தலைமையாசிரியர் இன்னும் சொல்லவில்லை. எந்த இடமாக இருந்தாலும் திட்டம் போடும் பொறுப்பை என் நண்பனுக்குத் தரும்படி வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அவன் கால் இப்போது குணமாகிவிட்டது. ஆனாலும் பெஞ்சிலிருந்து பார்த்தவனுக்குத்தான் பூங்கா முழுசாகத் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் சம்மதித்துவிட்டார்.

போன வருஷம் அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தச் சுவரில் எழுதிச் சொல்கிறேன். நண்பா, அன்றைக்கு எதுவுமே அவ்வளவு நல்லா இல்லை. என்னை மன்னித்துவிடு. இந்தத் தடவை பையை அவரவர் தூக்கிக்கொள்வோம்.

பின்னால் இருப்பவர்களுக்கு வழி விடுங்கள், இங்கேயும் க்யூ நிற்கிறது!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்